உங்கள் மொழிக்குச் சட்டத்தில் என்ன இடம்? நீங்களே படித்துத் தெரிந்துகொள்ளும் வழி

சட்ட ஆவணங்களை மொழிபெயர்ப்பது என் தொழில். இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. சிறிய மொழிகளைப் பேசுகிறவர்கள் என்னிடம் வந்தால் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "எங்கள் மொழிக்கு அங்கீகாரம் இருக்கிறதா, இல்லையா?" ஆரம்ப காலத்தில் நானும் உண்டு, இல்லை என்று ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது அப்படிச் சொல்வதில்லை. பதிலுக்கு நான் ஒன்று கேட்கிறேன்: "அந்த மொழியை வைத்து நீங்கள் என்ன செய்ய வேண்டும்?"

பிள்ளையைத் தாய்மொழியில் படிக்கவைக்க வேண்டுமா? நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல வேண்டுமா? மனு கொடுக்க வேண்டுமா? கடைப் பெயர்ப்பலகை எழுத வேண்டுமா? ஒரே நாட்டில் ஒரே மொழிக்கு இந்த நான்குக்கும் நான்கு வேறு பதில்கள் இருக்கலாம். அதனால் முதல் வேலை, ஒரு நோட்டை எடுத்து உங்கள் தேவையை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். "எங்கள் மொழி வாழ வேண்டும்" என்று எழுதினால் அதை எந்தச் சட்டத்திலும் தேட முடியாது. "ஒன்றாம் வகுப்புப் பாடங்களை எங்கள் மொழியில் நடத்த வேண்டும்" என்று எழுதினால் தேடலாம்.

ஒரு பெரியவர் என்னிடம் வந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. தன் மொழியில் நான்கு பக்கம் எழுதிய மனு. ஓர் அலுவலகம் அதைத் திருப்பிக் கொடுத்திருந்தது. மேல் ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு வரி: அலுவல் மொழியில் எழுதித் தரவும். "எங்கள் பாஷை எந்தப் பட்டியலிலும் இல்லையாம் அம்மா" என்றார். அவர் கதைக்குக் கடைசியில் வருகிறேன். பட்டியலில் இல்லை என்பது உண்மைதான். ஆனால் அவருக்கு வேண்டியிருந்தது பட்டியலே அல்ல.

பட்டப் பெயரை வைத்து முடிவுக்கு வராதீர்கள்

தேசிய மொழி, ஆட்சிமொழி, வட்டார மொழி, சிறுபான்மை மொழி, பாரம்பரிய மொழி என்று சட்டங்கள் பல பட்டங்களைத் தருகின்றன. நாட்டுக்கு நாடு இவற்றுக்குப் பொருள் வேறு. சுவிட்சர்லாந்தில் ரோமான்ஷ் மொழி 1938-லேயே தேசிய மொழி ஆகிவிட்டது. ஆனால் மைய அரசின் ஆட்சிமொழி என்ற இடம் 1996 வாக்கெடுப்புக்குப் பிறகுதான் கிடைத்தது. அதுவும் ரோமான்ஷ் பேசுகிறவர்களோடு அரசு தொடர்புகொள்ளும்போது மட்டும். இடையில் 58 வருடம்.

நமக்கு நெருங்கிய உதாரணம் இலங்கை. 1978 அரசியலமைப்பு சிங்களத்தை அரச கரும மொழி, அதாவது ஆட்சிமொழி, என்றது. தமிழையும் சிங்களத்தையும் தேசிய மொழிகள் என்றது. இரண்டும் ஒன்றுதானே என்று மேலோட்டமாகப் படிப்பவருக்குத் தோன்றும். ஒன்றாக இருந்திருந்தால் 1987-இல் 13-ஆம் திருத்தம் தேவைப்பட்டிருக்காது. அந்தத் திருத்தம்தான் 18-ஆம் உறுப்புரையில் தமிழும் ஓர் அரச கரும மொழி என்று சேர்த்தது. அந்த 'உம்' விகுதியை நான் எத்தனையோ முறை நின்று படித்திருக்கிறேன். ஒரு மக்களின் முப்பது வருடப் போராட்டத்துக்குப் பதிலாகச் சட்டத்தில் கிடைத்தது அந்த ஒரு விகுதி.

இந்தியாவில் எல்லோரும் கேட்பது அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணை, அதில் உள்ள மொழிப் பட்டியல். 1950-இல் 14 மொழிகள் இருந்தன. 1967-இல் சிந்தி, 1992-இல் கொங்கணி, மணிப்புரி, நேபாளி, 2003-இல் போடோ, டோக்ரி, மைதிலி, சந்தாலி சேர்ந்து 22 ஆயின. எண்ணிக்கைதான் அளவுகோல் என்று நினைக்காதீர்கள். 2011 கணக்கெடுப்பில் 24,821 பேர் தாய்மொழி என்று சொன்ன சமஸ்கிருதம் அட்டவணையில் இருக்கிறது. ஒரு கோடிக்கும் மேல் பேசுகிற பீலி மொழி இல்லை. 18 லட்சம் பேர் பேசுகிற துளு இல்லை. சரி, அட்டவணையில் இருந்தால் என்ன கிடைக்கும்? அரசியலமைப்பில் அந்த அட்டவணையைக் குறிப்பிடும் பிரிவுகள் 344, 351 இரண்டே. ஒன்று ஆட்சிமொழி ஆணையத்தில் உறுப்பினர் இடம் பற்றியது, மற்றது இந்தியை வளப்படுத்துவது பற்றியது. மத்திய குடிமைப் பணித் தேர்வை அந்த மொழியில் எழுதலாம் என்பது போன்ற பலன்கள் பிற விதிகள் வழியாக வந்தவை. அதே சமயம் அட்டவணையில் இல்லாத காசியும் காரோவும் மேகாலயாவில் 2005 மாநிலச் சட்டத்தின்படி இணை ஆட்சிமொழிகள். ஆகவே உங்கள் தேவை மாநில அலுவலகத்தில் இருக்கிறது என்றால் டெல்லிப் பட்டியலைப் பார்த்து மனம் உடைய வேண்டாம், மாநிலச் சட்டத்தைத் தேடுங்கள்.

வினைச்சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது

உங்களுக்குப் பொருந்தும் பிரிவைக் கண்டுபிடித்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பென்சில் எடுங்கள். வாக்கியத்தின் வினைமுற்றை வட்டமிடுங்கள். 'செய்ய வேண்டும்' என்றால் கடமை. 'செய்யலாம்' என்றால் அவர்கள் விருப்பம். 'முயல வேண்டும்' என்றால் முயன்றோம் என்று கோப்பில் காட்டினாலே போதும். பிறகு எழுவாயைத் தேடுங்கள். யார் செய்ய வேண்டும்? மத்திய அரசா, மாநிலமா, நகராட்சியா? எழுவாயே இல்லாமல் 'ஊக்குவிக்கப்படும்' என்று செயப்பாட்டில் முடிகிற வாக்கியம் யாரையும் பிடிக்காது. மூன்றாவதாக, நிபந்தனைச் சொற்களுக்கு அடிக்கோடு போடுங்கள்: 'இயன்றவரை', 'போதுமான', 'தகுந்த'.

பழகிப் பார்க்க நான் எல்லோருக்கும் கொடுக்கிற வாக்கியம் ஒன்று உண்டு. 1992-இல் ஐ.நா. பொதுச்சபை சிறுபான்மையினர் உரிமைகள் பற்றி ஒரு பிரகடனம் வெளியிட்டது. அதன் 4-ஆவது உறுப்பு சொல்வது சுமாராக இது: சிறுபான்மையினர் தம் தாய்மொழியைக் கற்கவோ அதில் கல்வி பெறவோ, இயன்ற இடங்களில், போதிய வாய்ப்புப் பெறும்படி அரசுகள் தகுந்த நடவடிக்கை எடுப்பது தகும். வட்டமும் அடிக்கோடும் போட்டுப் பாருங்கள். ஒரே வாக்கியத்தில் தளர்வு நான்கு. அதற்காக அதைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. மனுவில் மேற்கோள் காட்டலாம், வலு சேர்க்கும். அதை மட்டுமே நம்பி வழக்குப் போகக் கூடாது, அவ்வளவுதான்.

இதோடு ஒப்பிட ஐ.நா.வின் 1966 குடிமை, அரசியல் உரிமைகள் உடன்படிக்கையின் 27-ஆவது உறுப்பை எடுங்கள். சிறுபான்மையினர் தம் சமூகத்தாரோடு சேர்ந்து தம் மொழியைப் பயன்படுத்தும் உரிமை மறுக்கப்படக் கூடாது என்கிறது. இது திடமான வினை. உடன்படிக்கையில் சேர்ந்த நாட்டைக் கட்டுப்படுத்துகிறது. ஆனால் எதிர்மறையாக எழுதப்பட்டிருக்கிறது. தடுக்காதே என்கிறது, பள்ளிக்கூடம் கட்டிக்கொடு என்று நேராகச் சொல்லவில்லை.

இந்திய அரசியலமைப்பின் 350-அ பிரிவு, மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தரப் போதிய வசதி செய்வது ஒவ்வொரு மாநிலத்தின், உள்ளாட்சி அமைப்பின் முயற்சியாக இருக்க வேண்டும் என்கிறது. எழுவாய் தெளிவு, வினை தளர்வு. பிரான்ஸ் 2008-இல் சேர்த்த 75-1 இன்னும் தளர்வானது. வட்டார மொழிகள் பிரான்சின் மரபுச் செல்வம் என்பதோடு முடிகிறது. 2011-இல் அந்நாட்டின் அரசியலமைப்பு மன்றம், இதை வைத்து யாரும் தனி உரிமை கோர முடியாது என்று சொல்லிவிட்டது. பிரெத்தோன், ஒக்சித்தான் பேசுகிறவர்கள் அந்த வரிக்காக எவ்வளவு காலம் காத்திருந்தார்கள் என்று நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கும்.

ஐரோப்பாவில் இருப்பவர்கள் கட்டாயம் புரட்ட வேண்டியது வட்டார, சிறுபான்மை மொழிகளுக்கான ஐரோப்பியச் சாசனம். 1992-இல் கையெழுத்துக்கு வந்தது, 1998-இல் நடைமுறைக்கு வந்தது. இது படிப்படியாக இறங்குகிற ஏணி மாதிரி. மூன்றாம் பகுதியில் நீண்ட பட்டியல் இருக்கிறது. ஒரு நாடு ஒவ்வொரு மொழிக்கும் அதிலிருந்து குறைந்தது 35 பத்திகளை அல்லது உட்பத்திகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கல்விக்கு முதல் படி, முழுக்க அந்த மொழியில் கற்பிப்பது. அடுத்தது கணிசமான பகுதியை அதில் கற்பிப்பது. இன்னும் கீழே இறங்கினால், கேட்கிற குடும்பங்கள் போதிய எண்ணிக்கையில் இருந்தால் மட்டும். ஆகவே 'எங்கள் நாடு சாசனத்தில் சேர்ந்திருக்கிறது' என்பது பாதிச் செய்திதான். உங்கள் மொழிக்கு எந்தப் படியைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று அந்த நாடு கொடுத்த ஏற்புப் பத்திரத்தைத் திறந்து பார்க்க வேண்டும். இன்னொன்றையும் கவனியுங்கள். குடியேறியவர்களின் மொழிகளுக்கும், ஆட்சிமொழியின் கிளைமொழிகளுக்கும் சாசனம் பொருந்தாது. இலண்டனில் வாழும் தமிழர் இதை வைத்துத் தமிழ்ப் பள்ளி கேட்க முடியாது.

எந்த எல்லைக்குள் நீங்கள் சிறுபான்மை?

இது சின்ன விஷயம் போலத் தெரியும். வழக்குகள் இதில்தான் கவிழ்கின்றன. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் ஆங்கிலம் பேசுகிறவர்கள் குறைவு. அங்கே சில வணிகர்கள், பெயர்ப்பலகையில் ஆங்கிலம் கூடாது என்ற சட்டத்தை எதிர்த்து, 1966 உடன்படிக்கையின் கீழ் புகார்களைக் கேட்கும் ஐ.நா. மனித உரிமைக் குழுவிடம் போனார்கள். 1993-இல் குழு, நாட்டை முழுதாக எடுத்துக்கொண்டால் நீங்கள் சிறுபான்மை இல்லை, 27-ஆவது உறுப்பு உங்களுக்குப் பொருந்தாது என்றது. இந்திய உச்ச நீதிமன்றமோ 2002-இல் டி.எம்.ஏ. பாய் வழக்கில் சிறுபான்மையைத் தீர்மானிக்கும் அலகு மாநிலம்தான் என்றது. அதனால்தான் கர்நாடகத்திலோ கேரளத்திலோ தமிழர் மொழிச் சிறுபான்மை, தமிழ்நாட்டில் தெலுங்கரும் கன்னடரும் மொழிச் சிறுபான்மை. உங்கள் நாட்டில் அளவுகோல் எது என்று தீர்ப்புகளில் தேடுங்கள். சட்டத்தின் வரையறைப் பகுதியில் இது பல சமயம் இருக்காது.

எண்ணிக்கை வரம்பு வைத்திருக்கும் நாடுகளும் உண்டு. பின்லாந்தில் ஒரு நகராட்சியில் சுவீடிஷ் அல்லது பின்னிஷ் சிறுபான்மையினர் 8 சதவீதமோ 3,000 பேரோ இருந்தால் அது இருமொழி நகராட்சி. அங்கே ஒருவர் பதிவேட்டில் தன் மொழியை எப்படிக் குறிப்பிடுகிறார் என்பது ஊருக்கே முக்கியம். கணக்கெடுப்பாளர் வரும்போது மொழியின் பெயரை எல்லோரும் ஒரே மாதிரி சொல்லுங்கள் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இதுதான். ஆளுக்கொரு பெயர் சொன்னால் எண்ணிக்கை சிதறிவிடும். அப்படிச் சொல்லியும் சில மொழிகள் பெரிய மொழிக்குள் அடைக்கப்படுகின்றன. 2011-இல் போஜ்புரியைத் தாய்மொழி என்று சொன்ன 5 கோடிப் பேரும் இந்தி என்ற தலைப்பின் கீழ்தான் கூட்டப்பட்டார்கள். உட்பட்டியல் வரை இறங்கித் தேடினால் அந்த எண் கிடைக்கும்.

நடைமுறைக்கு வந்த தேதி

இதில் நான் ஒரு தவறு செய்திருக்கிறேன். ஒரு சமூகத்தார் தங்கள் மொழிக்குச் சட்டம் வந்துவிட்டதா என்று கேட்டார்கள். சட்டம் நிறைவேறியிருந்தது, நானும் படித்திருந்தேன். வந்துவிட்டது என்று சொல்லி அனுப்பினேன். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பள்ளிக்குப் போய் வெறுங்கையோடு திரும்பினார்கள். முதல் பிரிவிலேயே இருந்த 'அரசு அறிவிக்கும் நாளில் நடைமுறைக்கு வரும்' என்ற வரியை நான் தாண்டிவிட்டேன். அந்த நாள் அறிவிக்கப்படவே இல்லை. அந்தத் தாய்மார்களின் முகத்தைப் பார்த்த பிறகு, எந்தச் சட்டத்தையும் முதல் பிரிவிலிருந்துதான் படிக்கிறேன்.

ஆகவே மூன்றைப் பாருங்கள்: எந்தத் தேதியில் நடைமுறைக்கு வந்தது, விதிகள் அரசிதழில் வெளியானதா, விலக்குக் காலம் ஏதும் இருக்கிறதா. இலங்கையில் தமிழ் மொழி விசேட ஏற்பாடுகள் சட்டம் 1958-இல் வந்தது. அதன் ஒழுங்குவிதிகள் வந்தது 1966-இல். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஐரிஷ் 2007-இல் ஆட்சிமொழி ஆனது, ஆனால் எல்லாச் சட்டங்களையும் அதில் மொழிபெயர்க்க வேண்டியதில்லை என்ற விலக்கு 2021 கடைசி வரை நீடித்தது. காரணம், மொழிபெயர்ப்பாளர் பற்றாக்குறை. என் தொழிலில் ஆட்கள் இல்லாததால் ஒரு மொழியின் உரிமை 15 வருடம் முழுமை பெறவில்லை. இளையவர்கள் யாராவது இந்தத் தொழிலுக்கு வருகிறேன் என்றால் அவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான்.

அப்புறம், மறுத்தால் யாரிடம் போவது என்ற பிரிவு. சட்டத்தின் கடைசிப் பகுதியில் இருக்கும். வேல்ஸில் 2011 சட்டத்தின்படி மொழி ஆணையர் இருக்கிறார். எந்த அமைப்பு வெல்ஷ் மொழியில் எந்தச் சேவை தர வேண்டும் என்ற தர விதிகள் இருக்கின்றன, மீறினால் அவரிடம் புகார் கொடுக்கலாம். இலங்கையில் 1991 சட்டம் அமைத்த அரச கரும மொழிகள் ஆணைக்குழுவிடம் முறையிடலாம். இந்தியாவில் 350-ஆ பிரிவின் கீழ் மொழிச் சிறுபான்மையினருக்கான தனி அலுவலர் இருக்கிறார். விசாரித்துக் குடியரசுத் தலைவருக்கு அறிக்கை தருவது அவர் வேலை, அபராதம் போட முடியாது. ஆனால் உங்கள் குறை அந்த அறிக்கையில் ஏறினால் நாடாளுமன்றத்தின் முன் வைக்கப்படும், அதை எடுத்துக்காட்டி மேலே பேசலாம்.

எந்தச் சட்டத்திலும் பெயர் இல்லை என்றால்

கையில் ஒன்றும் இல்லை என்று ஆகிவிடாது. குற்ற வழக்கில் நீதிமன்ற மொழி புரியாதவருக்கு இலவச மொழிபெயர்ப்பாளர் தர வேண்டும் என்கிறது 1966 உடன்படிக்கையின் 14-ஆவது உறுப்பு. மொழிக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்ற கேள்வியே அங்கு எழாது. ஆனால் புரியாதவருக்குத்தான் அந்த உரிமை. 1990-இல் பிரான்சைச் சேர்ந்த கெஸ்தோன் என்பவர், பிரெஞ்சு தெரிந்தும் பிரெத்தோன் மொழியில்தான் பேசுவேன் என்று வாதாடிய வழக்கில் ஐ.நா. குழு அதை ஏற்கவில்லை. மேலே சொன்ன கியூபெக் வணிகர்கள் கூடச் சிறுபான்மை வாதத்தில் தோற்றார்களே தவிர, கருத்துரிமை வாதத்தில் வென்றார்கள். பலகையில் எந்த மொழியில் எழுதுவது என்பதும் பேச்சுரிமைதான் என்றது குழு. ஒரு கதவு மூடியிருந்தால் பக்கத்துக் கதவுக்கு என்ன பெயர் என்று பாருங்கள்.

அங்கீகாரம் கேட்டே ஆக வேண்டும் என்றால், முதலில் உங்கள் மொழி வேறொரு மொழியின் கிளைமொழி என்ற வாதம் வரும், அதற்குத் தயாராகுங்கள். போலந்தில் கசுபிய மொழிக்கு 2005 சட்டத்தில் வட்டார மொழி என்ற இடம் கிடைத்தது. அதே இடத்தைச் சைலீசிய மொழிக்குத் தரும் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியும் 2024-இல் குடியரசுத் தலைவர் தடுத்துவிட்டார், அது போலிஷின் கிளைமொழி என்று சொல்லி. அகராதி, இலக்கணம், பாடநூல், ஒரே எழுத்துமுறை, இவையே அந்த வாதத்துக்குப் பதில். ஊர்வலத்துக்கு முன்னால் அகராதி என்பது என் கட்சி. இதில் என்னோடு சண்டை போடுகிற நண்பர்கள் உண்டு, ஊர்வலம் இல்லாமல் எந்த அகராதியையும் யாரும் பார்ப்பதில்லை என்பார்கள். நியூசிலாந்தில் மாவோரிகள் 1985-இல், தங்கள் முறையீடுகளை விசாரிக்கும் வைத்தாங்கி தீர்ப்பாயத்தில் மொழிக்காக வழக்குத் தொடுத்து 1987-இல் சட்டம் பெற்றார்கள். அதற்கு முன்பே தங்கள் குழந்தைகளுக்கு மொழிக்கூடுகள், அதாவது மாவோரி மொழியிலேயே பேசி வளர்க்கும் மழலையர் பள்ளிகள், நடத்திக்கொண்டிருந்தார்கள். இரண்டு பக்கத்துக்கும் அது சான்று.

மனு எழுதும்போது ஒரு மனுவுக்கு ஒரு கோரிக்கை மட்டும் வையுங்கள். பிரிவு எண்ணை முதல் பத்தியிலேயே எழுதி, அதன் சொற்களை மாற்றாமல் அப்படியே எடுத்துப் போடுங்கள். எத்தனை பேர், எந்த ஊர்கள், எந்தக் கணக்கெடுப்பு ஆண்டு என்று எண்ணோடு சொல்லுங்கள். மொழியின் பழம்பெருமையை இரண்டு வரிக்கு மேல் எழுத வேண்டாம். எனக்கும் அது பிடிக்கும்தான், ஆனால் கோப்பைப் பார்க்கிறவர் தேடுவது எண்ணையும் பிரிவையும். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள்.

அந்தப் பெரியவருக்கு நான் எடுத்துக் கொடுத்தது இந்திய அரசியலமைப்பின் 350-ஆவது பிரிவு. குறை தீர்க்கக் கோரும் மனுவை ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் யாரும் கொடுக்கலாம் என்கிறது. 'ஆட்சிமொழி' என்ற சொல் அதில் இல்லை, 'அட்டவணை' என்ற சொல்லும் இல்லை. பழைய நான்கு பக்கத்தையும் அப்படியே வைத்து, மேலே அந்தப் பிரிவைக் குறிப்பிட்டு அரைப் பக்கக் கடிதம் ஒன்று சேர்த்தோம். இந்த முறை வாங்கிக்கொண்டு சீட்டுக் கொடுத்தார்கள். சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வெளியே வந்ததும் எடுத்து மறுபடி படித்தார். இரண்டு மாதத்தில் பதில் வந்தது, அவருக்குத் தெரியாத மொழியில். பதில் எந்த மொழியில் இருக்க வேண்டும் என்று 350-ஆவது பிரிவு எதுவும் சொல்லவில்லை. அதற்கு மாநில விதிகளில் ஏதாவது இருக்கிறதா என்று இப்போது இருவரும் தேடிக்கொண்டிருக்கிறோம்.